மாடுகளுக்குத் தெரிந்த பெயர்

ஒருவருடைய குரல் யாருக்குச் சொந்தம்? அதை எழுப்பும் தொண்டைக்கா, அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கா? சிங்கப்பூரின் பொத்தோங் பாசிரில் மாடு வைத்துப் பால் விற்ற முத்தாயியின் வாழ்க்கை இப்படி ஒரு கேள்வியை எழுப்பியது என்று சொன்னால் அவரை அறிந்தவர்கள் சிரிக்கக்கூடும். அவருக்குக் கேள்வி கேட்கும் வழக்கமே கிடையாது. அதட்டும் வழக்கம்தான் உண்டு.

சிராங்கூன் ரோட்டிலிருந்து மண்பாதையில் இறங்கி, சீனர்களின் கீரைத் தோட்டங்களைத் தாண்டினால் முத்தாயியின் கொட்டகை வரும். தேக்காவிலிருந்து பால் வாங்க சைக்கிளில் வரும் காப்பிக்கடைக்காரர்களுக்கு வழி சொல்ல யாரும் தேவையில்லை. பாதை திரும்பும் முன்பே முத்தாயியின் குரல் கேட்டுவிடும். தண்ணீர் கலந்த பாலா என்று வாய்தவறிக் கேட்டவர்கள் அடுத்த நாள் வேறு ஆளை அனுப்பினார்கள். கணவர் சேதுபதி அதற்கு நேர்மாறு. இவர் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் பால் திரிந்துவிடும் என்று முத்தாயியே வருகிறவர்களிடம் கேலி செய்வார். சேதுபதி அதற்கும் தலையை மட்டும் ஆட்டுவார். வெளியுலகத்தோடு அந்த வீட்டுக்கு இருந்த தொடர்பு முழுவதும் முத்தாயியின் தொண்டை வழியாகத்தான் போய்வந்தது. பிள்ளைகள் இல்லை. இருவரும் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து போருக்குப் பிறகு கப்பலேறி வந்தவர்கள்.

மாடுகளையும் அவர் குரலால்தான் நடத்தினார். கறக்கும் நேரம் வந்தால் கொட்டகை வாசலில் நின்று, "வாம்மா... வாம்மா..." என்று நீட்டி அழைப்பார். பசுவின் மடியில் பால் இருந்தால் மட்டும் போதாது, பசு அதை விட வேண்டும். அச்சமோ அந்நிய வாடையோ தட்டுப்பட்டால் அடக்கிக்கொள்ளும். பழகிய குரல் கேட்டால் மடி இளகும். இதைப் பசு யோசித்துச் செய்வதில்லை, அதன் உடம்பு செய்துவிடுகிறது. பசுக்களுக்குள்ளும் அப்படித்தான். கன்று பக்கத்தில் நின்றால் தாய் வாயைத் திறக்காமல், நெஞ்சுக்குள் உருட்டுவதுபோல் தாழ்வாக ஓர் ஒலி எழுப்பும். கன்று கண்ணில் படாவிட்டால் வாயைத் திறந்து கத்தும். ஒவ்வொரு தாயின் ஒலியும் வேறு. கன்று தன் தாயுடையதைத் தவறாமல் பிரித்தறியும். முத்தாயி இதையெல்லாம் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அது அறிவு என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

இவ்வளவு வாயாடியான பெண்மணி ஒரு வார்த்தையை மட்டும் வாழ்நாளில் சொன்னதில்லை. அது கணவருடைய பெயர். சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்பது முத்தாயி வளர்ந்த இடத்தின் நம்பிக்கை. கணவரை "என்னங்க" என்று கூப்பிடுவார். அடுத்த வீட்டுத் தங்கத்தின் மகள் சேதுலட்சுமியை எல்லாரும் சேது என்றழைக்க, இவர் மட்டும் லட்சுமி என்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் குடியுரிமைக்குப் பதிய வரிசையில் நின்றபோது குமாஸ்தா கணவர் பெயரைக் கேட்டார். முத்தாயி பின்னால் நின்ற தங்கத்தின் பக்கம் திரும்பி, "நீ சொல்லுடி" என்றார். கணவர் யாருக்கு என்று குமாஸ்தா குழம்பிப்போக, வரிசையே சிரித்தது.

அடுத்த ஆண்டு அவருடைய குரல் கம்மத் தொடங்கியது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது என்று சேதுபதி சுக்கு இடித்துக் கொடுத்தார். முத்தாயியின் அதட்டல் கரகரப்பாகி, பிறகு காற்றாகியது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது குரல்வளையில் கட்டி நன்றாக வளர்ந்திருந்தது. புகையிலையால் வந்ததா, வேறு எதனாலாவதா என்று டாக்டர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டால் பிழைக்கலாம் என்றார்கள். சேதுபதி சம்மதம் சொன்னார். முத்தாயியிடம் கேட்டார்களா என்பது தெரியவில்லை.

குரல்வளை போன மனிதருக்கு மூச்சு வாய் வழியாகப் போவதில்லை. மூச்சுக்குழாயின் மேல்முனையை இழுத்துக் கழுத்தின் அடியில் ஒரு துளையாகத் தைத்துவிடுவார்கள். நாக்கு, பல், உதடு எல்லாம் பழையபடியே இருக்கும். அவற்றை ஒலிக்கச் செய்யும் காற்றுதான் வந்து சேராது. அழுதால்கூடச் சத்தம் வராது. கண் விழித்த முத்தாயி முதலில் செய்தது கணவரைக் கூப்பிட முயன்றதுதான். உதடு அசைந்தது. சேதுபதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

இந்த நிலையிலும் பேச ஒரு வழி உண்டு. நாக்கால் வாய்க்காற்றை உணவுக்குழாய்க்குள் தள்ளி, அது மேலே திரும்பி வரும்போது உணவுக்குழாயின் வாயை அதிரச் செய்ய வேண்டும். ஏப்பம் விடுவதைப் போன்றதுதான் அது, அந்த ஏப்பத்தை வார்த்தையாக வடிக்க வேண்டும். இங்கிலாந்துக்குப் போய் இதைக் கற்று வந்திருந்தார் மிஸ் பெரேரா என்ற யூரேசியப் பெண். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் அந்த வார்டில் அட்டெண்டன்டாக இருந்த ஜைனப் மொழிபெயர்த்தார். இங்கே சொல்லப்படுவதில் பெரும்பகுதி பின்னாளில் ஜைனப் சொன்னதுதான்.

மிஸ் பெரேரா கரும்பலகையில் கழுத்தை வரைந்து காட்டினார். எல்லா ஒலிகளும் சமமல்ல என்றார். உதடும் நாக்கும் அடைத்துத் திறக்கும் ஒலிகளும், பல்லிடுக்கில் சீறும் ஒலிகளும் தாமே கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளிவிடும். மூக்கால் வரும் ஒலிகள் அப்படிச் செய்யாது. வீட்டில் அதிகம் சொல்லும் வார்த்தையிலிருந்து தொடங்கலாம், கணவரை எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டார். ஜைனப் சொன்னார். ஆரம்பிக்கிறவர்களுக்கு "என்னங்க" என்பதைவிட மோசமான வார்த்தை கிடைக்காது. முத்தாயி முயன்று பார்த்தார். கழுத்துத் துளையில் காற்று சீறியதைத் தவிர ஒன்றும் வரவில்லை. "வாம்மா"வும் அப்படியே.

மிஸ் பெரேரா கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். அதில் கணவர் பெயர் இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. சே, து, ப, தி. ஒவ்வொரு எழுத்தும் அடுத்ததற்கான காற்றைத் தானே உள்ளே அனுப்பும். இதைவிட நல்ல பயிற்சி வார்த்தையைத் தேடினாலும் கிடைக்காது என்றார். ஜைனப் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்ன சிரிப்பு?"

"அவங்க சொல்ல மாட்டாங்க மிஸ். புருஷன் பேர யாரும் சொல்ல மாட்டோம். நானுந்தான்லா."

அப்படியானால் இன்னும் நல்லது என்றார் மிஸ் பெரேரா. பழைய வார்த்தைகளை வாய் பழைய முறையில்தான் சொல்லப் பார்க்கும். இதில் மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. பாடம் என்ற அளவில் அவர் சொன்னது சரிதான். ஒரு பெண் எதைச் சொல்லாமல் இருக்கிறாள் என்பதும் அவள் பேச்சின் ஒரு பகுதி என்பதை அவர் படித்த புத்தகங்கள் சொல்லியிருக்காது.

முத்தாயி உதட்டை இறுக்கிக்கொண்டார். பயிற்சி நாட்களில் மிஸ் பெரேரா அந்தப் பெயரை வாய் நிறையச் சொல்லிக் காட்டுவார். முத்தாயி அவர் வாயையே பார்த்திருப்பார், தன் வாயைத் திறக்க மாட்டார். சேதுபதிக்குச் செய்தி போனது. ஆயுளில் அதிகம் பேசியிராத மனிதர் அன்று கட்டிலருகே உட்கார்ந்து நிறையப் பேசினார் என்றார் ஜைனப்.

"சொல்லு முத்தாயி. பேரச் சொன்னா நான் ஒண்ணும் செத்துப் போயிர மாட்டேன். நீ பேசாம இருந்தாத்தான் வீடு செத்த வீடு மாதிரி இருக்கு."

முத்தாயி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். வீட்டுக்கு அனுப்பியபோது, ஒத்துழைப்பு இல்லை என்று மிஸ் பெரேரா வருத்தத்தோடு சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் கொடுமையானவை. முத்தாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையைத் தட்டுவார், தட்டைத் தட்டுவார். காப்பிக்கடைக்காரர்கள் சேதுபதியோடு பேரம் பேசக் கற்றுக்கொண்டார்கள். சிலர் முத்தாயியின் முகத்துக்கு நேரே பாலில் விரலை விட்டுப் பார்த்தார்கள். முத்தாயி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கழுத்தில் கட்டிய துணி படபடவென்று அடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட மோசம் மாடுகள். முத்தாயி வாசலில் நின்றால் திரும்பிப் பார்க்கும், யாரோ ஒருத்தி என்பதுபோல மறுபடி வைக்கோலில் முகம் புதைக்கும். மடியில் கை வைத்தால் பாலை அடக்கிக்கொள்ளும். செவலைப் பசு காலால் எட்டி உதைத்தது. குரல் போனதும் மாடுகளுக்கு அவர் அந்நியராகிவிட்டார். சேதுபதி ஒருநாள் பெண் குரலில் "வாம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். தங்கம் வேலிக்கு அப்பால் நின்று சிரித்தாள். மாடுகள் சிரிக்கவில்லை என்பதைத் தவிர வேறு பலன் இல்லை.

பிறகு எப்படியோ நிலைமை மாறியது. முத்தாயி கொட்டகை வாசலில் கோணிப்பையைத் திரையாகக் கட்டினார். கறக்கும் நேரத்தில் யாரும் உள்ளே வரக்கூடாது என்று கையால் காட்டினார், சேதுபதி உட்பட. சில வாரங்களில் பால் திரும்பியது. குரல் இல்லாத அவரை மாடுகள் ஏற்றுக்கொண்டுவிட்டன என்று சேதுபதி நினைத்தார். தன்னால் அப்படி ஏற்றுக்கொள்ள முடியவில்லையே என்றும் நினைத்திருக்கலாம். அவர் தங்கத்திடம் சொன்னது இவ்வளவுதான்: "மாட்டுக்கு இருக்கற பொறுமை எனக்கு இல்ல." கொட்டகைக்குள்ளிருந்து சில சமயம் ஒரு விசித்திரமான சத்தம் வருவதைத் தங்கம் கேட்டிருக்கிறாள். அசைபோடும் மாடு ஏப்பம் விடுகிறது என்று விட்டுவிட்டாள்.

அறுபத்து மூன்றில் அந்த நிலத்தில் அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. குவீன்ஸ்டவுனில் அவர்களுக்கு ஒரு வீடு ஒதுக்கப்பட்டது. மாடுகளை ஜொகூரில் பண்ணை வைத்திருந்த ஒருவர் வாங்கிக்கொண்டார். அவற்றை ஏற்ற, முன்பே பழக்கமான இப்ராஹீம் என்ற டிரைவர் லாரியோடு வந்தார்.

செவலைதான் முதலில் ஏற வேண்டும், மற்றவை அதைப் பார்த்துத்தான் நகரும். அது பலகையில் கால் வைக்க மறுத்தது. இப்ராஹீமின் ஆட்கள் முன்னாலிருந்து இழுத்தார்கள், பின்னாலிருந்து தள்ளினார்கள். ஒருவன் பிரம்பை எடுத்தான். செவலை வாயைத் திறந்து கத்தியது, மற்றவையும் சேர்ந்து கத்தின. கீரைத் தோட்டத்துக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றார்கள். சேதுபதி ஒரு கயிற்றைப் பிடித்தபடி, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

முத்தாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். பிரம்பு வைத்திருந்தவனின் கையைத் தட்டிவிட்டார். பலகையில் ஏறி லாரிக்குள் போய், மாடுகளைப் பார்த்துத் திரும்பி நின்றார். கன்னம் ஒருமுறை உள்ளே ஒடுங்கியது.

"சேதுபதி."

ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் தாழ்ந்த, கரடுமுரடான ஒலி. ஆனால் எழுத்து எழுத்தாக, பிசிறில்லாமல் இருந்தது. மாடுகள் கத்துவதை நிறுத்தின. செவலை காதை முன்னுக்கு நீட்டியது.

"சேதுபதி. சேதுபதி."

செவலை பலகையில் ஏறி அவரருகே போய் நின்றது. மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. தங்கம் இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டாள். இப்ராஹீமுக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியும். பழகிய ஆள்தான் என்ற உரிமையில் சேதுபதியின் தோளைத் தட்டினார்.

"மாமா, போங்க, நீங்களும் ஏறுங்க. உங்களத்தானே கூப்பிடறாங்க லா."

எல்லாரும் சிரித்தார்கள். சேதுபதியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையிலிருந்த கயிற்றைச் சுருட்டினார், சுருட்டி முடித்த பிறகும் சுருட்டிக்கொண்டே இருந்தார். திரைக்குப் பின்னால் இத்தனை நாளும் நடந்தது என்னவென்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்காமல் கற்ற பாடத்தை முத்தாயி மாடுகளுக்கு நடுவே சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறார். முதலில் மிரண்ட மாடுகள் நாளடைவில் அந்த ஒலியைப் பாலோடும் தீவனத்தோடும் அவருடைய கையோடும் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. அவருக்கு ஒரு புதிய குரல் இருந்தது. அதை முதலில் ஏற்றுக்கொண்டவை மாடுகள்தான். எதற்காகச் சேதுபதி வீட்டுக்குள் அழுதாரோ, எதைக் கேட்க ஒருமுறையாவது வாய்க்காதா என்று ஏங்கினாரோ, அதை மாடுகள் காலையும் மாலையும் கேட்டுவந்திருக்கின்றன.

லாரி போன பிறகு வெறும் கொட்டகையில் சேதுபதி கேட்டார்.

"மாட்டுக்குச் சொன்னத எனக்கு ஒரு தடவ சொன்னா என்ன?"

முத்தாயி கோணிப்பைத் திரையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார். 

குவீன்ஸ்டவுனில் மாடுகள் இல்லை. சேதுபதி ஒரு தொழிற்சாலையில் ஜாகாவாக, காவல் வேலைக்குப் போனார். நடைபாதையில் பார்த்த அண்டைவீட்டார் முத்தாயியைப் பிறவி ஊமை என்று எண்ணினார்கள். சேதுபதி அப்படியில்லை என்று சொல்லத் தொடங்கி, எப்படி முடிப்பதென்று தெரியாமல் நிறுத்திவிடுவார். வீட்டில் பலவிதமாகக் கேட்டுப் பார்த்தார். கெஞ்சினார், கோபித்துச் சாப்பிடாமல் படுத்தார். ஒருமுறை விளையாட்டாக நாலு காலில் நின்று மாடுபோல் கத்தினார். முத்தாயி உடம்பு குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். சிரித்துவிட்டுச் சோற்றைப் போட்டு வைத்தார்.

காரணங்களை ஊகிப்பது எளிது. பெயர் சொன்னால் ஆயுள் குறையும் என்ற பயம் என்று தங்கம் சொன்னாள். அந்தப் பயம் இருந்தால் மாடுகளுக்கு நடுவே தினமும் சொல்லியிருப்பாரா? ஏப்பம் போன்ற சத்தத்துக்கு வெட்கம் என்றார் ஜைனப். வெட்கப்பட்டவர் ஊர் பார்க்க லாரியில் நின்று கூப்பிட்டிருப்பாரா? தன்னைக் கேட்காமல் தொண்டையை வெட்டச் சம்மதித்த கணவர்மேல் கோபம் என்றும் சொல்லலாம். அதற்கும் சான்று இல்லை. அவருக்கு வேண்டியதையெல்லாம் முத்தாயி குறைவில்லாமல் செய்துகொண்டிருந்தார். இதைப் பிடிவாதம் என்று இகழவும் மனம் வரவில்லை, உறுதி என்று மெச்சவும் வரவில்லை. ஒரு மனிதர் நாளுக்கு நாள் வாடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தபடி காத்த மௌனம் அது.

லாரிக் கதை தங்கத்தின் வாயிலிருந்து பரவி ஜைனப் காதுக்கு வந்தது. ஜைனப் மிஸ் பெரேராவிடம் சொன்னார். அவர் குவீன்ஸ்டவுனுக்கே ஆளனுப்பினார். குரல்வளை எடுத்தவர்கள் சிலர் பயிற்சிக்கு வருகிறார்கள், நம்பிக்கையில்லாமல் பாதியில் நின்றுவிடுகிறார்கள், பேசக் கற்ற ஒருவரைக் கண்ணால் பார்த்தால் நிற்க மாட்டார்கள் என்று சொல்லியனுப்பினார். முத்தாயி மறுப்பார் என்று சேதுபதி எதிர்பார்த்தார். முத்தாயி சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

அன்றிலிருந்து அவர் ஒழுங்காக ஆஸ்பத்திரிக்குப் போனார். தனியாகப் பஸ்ஸில் அனுப்ப மனமில்லாமல் சேதுபதி கூடப் போவார், குடையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே சிங்கப்பூர் ஆற்றில் படகு தள்ளிய ஒரு சீனர், ஒரு மலாய்ப் போலீஸ்காரர், இன்னும் சிலர். முத்தாயி அவர்கள் முன் நின்று கன்னத்தை ஒடுக்கிக் காட்டுவார், எப்படிக் காற்றைத் தள்ளுவது என்று தொண்டையைத் தொட்டுக் காட்டுவார். பிறகு தனக்குத் தெரிந்த ஒரே பாட வார்த்தையைச் சொல்வார். அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அர்த்தம் தெரியாத படகுக்காரரும் போலீஸ்காரரும் உடைந்த குரல்களில் சேதுபதி, சேதுபதி என்று கூப்பிடுவது சாத்திய கதவு வழியாக வெளியே கேட்கும். வருஷக்கணக்கில் சேதுபதி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து தன் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்நியர்களின் குரல்களுக்கு நடுவே எது அவளுடையது என்று தனக்குத் தெரியும் என்று ஜைனபிடம் ஒருமுறை சொன்னாராம். வீடு திரும்பும் பஸ்ஸில் ஒரு சொல் கிடையாது.

அறுபத்தேழில், மழை பெய்துகொண்டிருந்த ஒருநாள், மிஸ் பெரேரா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். இத்தனை காலம் வெளியிலேயே உட்கார்ந்திருக்கிறாரே, இன்று இவரும் உள்ளே வந்து கேட்கட்டும் என்று ஜைனபிடம் சொன்னார். ஜைனப் தமிழில் சொல்லும் முன்பே சேதுபதிக்குப் புரிந்துவிட்டது. குடையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். திறந்த கதவுக்கு நேரே, மற்றவர்களுக்கு முன்னால், முத்தாயி கன்னத்தை ஒடுக்கிக் காற்றை உள்ளே தள்ளியபடி நின்றிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கேக்கட்டும்கா, பாவம். எத்தன வருஷமா ஒக்காந்திருக்காரு," என்றார் ஜைனப்.

முத்தாயி உள்ளே தள்ளிய காற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார். வாசலுக்கு நடந்து வந்தார். மழையில் நனைந்திருந்த சேதுபதியின் தோளை முந்தானையால் துடைத்துவிட்டார். பிறகு உள்ளே திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். சற்றுப் பொறுத்து, கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெயர் கேட்டது.